பாரம் தூக்கும் பயிற்சியும் பெண்களின் தசையில் இருக்கும் சக்திச் சேமிப்பும்: ஒரு சந்தேகம்

கேள்வி: கொட்டகலை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். கேள்வி சற்று நீளமானது, பொறுத்தருள வேண்டும். நான் கொட்டகலைக்கு அருகில் உள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் கற்பிக்கிறேன். வயது 43, உயரம் 156 சென்ரிமீற்றர், எடை 78 கிலோ. கணக்கிட்டால் உடற்றிணிவுச் சுட்டி 32 வருகிறது. அண்மையில் செய்த இரத்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றுக் குளுக்கோசு 112 என்றும் கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.1 என்றும் இருந்தன. இது இன்னும் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு அல்ல, ஆனால் அதன் வாசற்படி என்று வைத்தியர் சொன்னார். மருந்து எதுவும் எழுதவில்லை. உணவைக் கவனிக்கும்படியும், நடப்பதோடு நிறுத்தாமல் தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சியும் செய்யும்படியும் கூறினார்.

அதன்படி எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் வாரத்துக்கு மூன்று மாலை வேளைகளில் நடக்கும் பெண்களுக்கான பயிற்சியில் சேர்ந்து எட்டு வாரங்கள் ஆகின்றன. நாங்கள் ஒன்பது பேர். இழுவைப் பட்டி, மணல் நிரப்பிய பை, தண்ணீர் நிரப்பிய ஒன்றரை லீற்றர் போத்தல் ஆகியவற்றைக் கொண்டு நாற்பது நிமிடம் செய்கிறோம். முதல் மூன்று வாரத்தில் என் எடை குறைவதற்குப் பதிலாக ஒரு கிலோ கூடியது. பிறகு அப்படியே நிற்கிறது. இருந்தாலும், வீதியிலிருந்து பாடசாலைக்கு ஏறும் படிக்கட்டில் முன்பு மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கிய நான் இப்போது ஓரிடத்தில் மட்டுமே நிற்கிறேன்.

தசைக்குள் சக்தி சேமித்து வைக்கப்படுகிறது என்றும், அதில் ஒரு பகுதி மாச்சத்து, இன்னொரு பகுதி கொழுப்பு என்றும் ஒரு சஞ்சிகையில் வாசித்தேன். பாரம் தூக்கும்போது இந்தச் சேமிப்பில் எது செலவாகிறது? அது செலவான பின் வீட்டுக்குப் போய் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டால் மறுபடியும் நிரம்பிவிடும் அல்லவா, அப்படியானால் பட்ட பாடு வீண்தானா? தசைக்குள் இருக்கும் கொழுப்பும் வயிற்றில் தொங்கும் கொழுப்பும் ஒன்றா? இன்னொன்றும் உண்டு. என் அம்மா முப்பத்திரண்டு வருடம் கொழுந்து பறித்தவர். வேலையில் இருந்த காலம் முழுவதும் மெலிந்த உடம்புதான். ஓய்வு பெற்று நான்காம் வருடம் அவருக்குச் சீனி வருத்தம் வந்தது. உடலுழைப்பு காப்பாற்றும் என்றால் அவரை ஏன் காப்பாற்றவில்லை என்ற கேள்வி பயிற்சிக்குப் போகும் ஒவ்வொரு மாலையும் எனக்குள் எழுகிறது.

பதில்: கண்டி இயன்மருத்துவர்

வணக்கம் ஆசிரியை. உங்கள் கேள்விகளில், சாப்பிட்டால் சேமிப்பு மறுபடியும் நிரம்பிவிடுமா என்பதுதான் முக்கியமானது. மற்றவை அதனோடு சேர்ந்து விடுபடும் என்று நினைக்கிறேன். ஆயினும் சேமிப்பு என்னென்ன என்பதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

தசைக் கலத்தில் உடனடியாகச் செலவிடக்கூடிய சக்தி மிகச் சிறிய அளவிலேயே உள்ளது. முழுப் பலத்தோடு இழுத்தால் அது இரண்டு மூன்று செக்கன்களில் தீர்ந்துவிடும். அதற்கு அடுத்தபடி பொஸ்போகிரியேட்டின் என்ற சேர்வை பத்துச் செக்கன் வரையில் தாங்கும். ஓய்வு கொடுத்தால் சில நிமிடங்களில் பெரும்பாலும் மீண்டுவிடும். ஒரு சுற்று முடிந்ததும் இரண்டு நிமிடம் நின்று பிறகு அடுத்த சுற்றைத் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் இதுவே. மூன்றாவது சேமிப்புதான் கிளைக்கோஜன், அதாவது குளுக்கோசைக் கோத்துக் கட்டிய மாச்சத்து. வளர்ந்த ஒருவரின் தசைகள் அனைத்திலும் சேர்த்து ஏறத்தாழ 400 கிராம் இருக்கும். ஈரலில் 100 கிராம் அளவில் இருக்கும். ஈரல் தன் சேமிப்பை இரத்தத்துக்குக் கொடுக்கும்; தசை கொடுக்காது. அதற்குத் தேவையான நொதியம் தசையில் இல்லை. ஆகவே தசைக்குள் புகுந்த குளுக்கோசு அங்கேதான் செலவாக வேண்டும். இந்த ஒரு விடயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான்காவதாக, தசைநாருக்குள்ளேயே நுண்ணிய துளிகளாக இருக்கும் கொழுப்பு.

பத்துப் பன்னிரண்டு தடவை தூக்கி இறக்கும் ஒரு சுற்று முப்பது முதல் அறுபது செக்கன் வரை நீடிக்கும். அந்த நேரத்தில் ஒட்சிசன் வந்து சேர்வதற்கு முன்பே தசைக்குச் சக்தி தேவைப்படுவதால், பொஸ்போகிரியேட்டினும் கிளைக்கோஜனுமே பெரும்பாலான சுமையை ஏற்கின்றன. தொடையில் ஊசி செலுத்தித் துளியளவு தசையை எடுத்துச் சோதித்த ஆய்வுகள் பலவற்றில், ஒரு தடவை செய்யும் பயிற்சியில் வேலை செய்த தசையின் கிளைக்கோஜன் நான்கில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்கு வரை குறைந்திருந்தது. எத்தனை சுற்று, எவ்வளவு பாரம் என்பதைப் பொறுத்து அது மாறும். வேகமாகச் சுருங்கும் இரண்டாம் வகை நார்களில்தான் இந்தக் குறைவு கூடுதல். சாதாரண நடையில் இந்த நார்கள் பெரிதாக வேலைக்கு அழைக்கப்படுவதே இல்லை. பாரம் வந்தால்தான் அவை எழுந்து வரும்.

தசைக்குள் உள்ள கொழுப்புத் துளிகளும் குறைகின்றன என்பது சற்றுப் பிந்தித் தெரிய வந்த செய்தி. தூக்கும்போது அவை நேரடியாக எரிவதை விட, சுற்றுகளுக்கு இடையே ஆறும் நேரத்திலும் பயிற்சி முடிந்த பின்னரும் அவற்றின் பங்கு கூடுகிறது. மெதுவாகச் சுருங்கும் முதலாம் வகை நார்களில் ஒரே பயிற்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்ததை ஓர் ஆய்வு காட்டியது. பெண்களின் தசையில் இந்த வகை நார்களின் பரப்பு பொதுவாகக் கூடுதல். தசைக்குள் இருக்கும் கொழுப்பும் ஆண்களை விடக் கூடுதல். நெடுநேரம் செய்யும் வேலையில் பெண்களின் உடல் கொழுப்பை அதிக விகிதத்தில் எரிக்கிறது. ஈஸ்ட்ரோஜன் ஓமோனுக்கு இதில் பங்குண்டு. எனவே தசைக்குள் கொழுப்பு இருப்பதை ஒரு நோயாக எண்ணிப் பயப்பட வேண்டாம்.

வயிற்றுக் கொழுப்பும் அதுவும் ஒன்றா என்று கேட்டீர்கள். வேதியியல் முறையில் இரண்டும் டிரைகிளிசரைட்டு என்ற ஒரே பொருள்தான், ஆனால் இருக்கும் இடமும் செய்யும் வேலையும் வேறு. இதில் ஒரு விசித்திரம் உண்டு. நீண்ட தூரம் ஓடும் வீரர்களின் தசையிலும், பருத்த உடலும் நீரிழிவும் உள்ளவர்களின் தசையிலும் இந்தக் கொழுப்பு மிகுதியாகவே காணப்படுகிறது. வீரருடைய தசை இன்சுலினின் சொல்லுக்கு உடனே இணங்குகிறது, மற்றவருடையது இணங்குவதில்லை. அளவு ஒன்றாக இருந்தும் விளைவு நேர் எதிராக இருப்பதற்குக் காரணம் என்னவென்றால், வீரரின் தசையில் துளிகள் சிறியவையாக, கலத்துக்குள் சக்தியை உண்டாக்கும் இழைமணிகளுக்குப் பக்கத்தில் இருந்து, நாளாந்தம் செலவாகி மறுபடி நிரம்புகின்றன. மற்றவரின் தசையில் அவை பெருத்துக் கலத்தின் ஓரத்தில் தேங்கிக் கிடக்கின்றன. தேங்கும்போது உண்டாகும் சில இடைநிலைக் கொழுப்புப் பொருள்கள் இன்சுலின் கொடுக்கும் சமிக்ஞையைக் கலத்துக்குள் குழப்பிவிடுகின்றன.

நாம் ஸ்டோர் என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். மேல்மாடியில் கொழுந்தை வாட்டப் போடுகிறார்கள். நேற்றுப் போட்டதை உரிய நேரத்தில் எடுத்து அரைக்க அனுப்பினால்தான் இன்று மாலை லொறியில் வரும் கொழுந்தைப் பரப்ப இடம் கிடைக்கும். கீழே இயந்திரம் நின்றுவிட்டால் மேலே இடமில்லை; வந்த கொழுந்து மூட்டையாகவே வாசலில் கிடந்து சூடேறிச் சிவந்துவிடும். அந்த நிலையில் ஸ்டோரில் கொழுந்து எத்தனை கிலோ இருக்கிறது என்று நிறுத்துப் பார்த்து என்ன பயன்? ஓடுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். கிளைக்கோஜன் நிறைந்த தசை குளுக்கோசை உள்ளே எடுக்கத் தயங்கும். அதைக் கட்டும் நொதியத்தையே நிறைந்த சேமிப்பு அடக்கி வைக்கிறது. வேலை செய்து சேமிப்பைக் கரைத்த தசை, குளுக்கோசை உள்ளே கொண்டுவரும் குளுட்-4 என்ற வாயிற்காப்பாளரை இன்சுலினின் உத்தரவுக்குக் காத்திராமல் கலத்தின் விளிம்புக்கு அனுப்புகிறது. அது மட்டுமன்றி, அடுத்த ஒன்று இரண்டு நாள்களுக்கு இன்சுலினுக்கும் கூடுதலாகச் செவிசாய்க்கிறது.

ஆகவே ரொட்டி சாப்பிட்டால் மறுபடியும் நிரம்பிவிடுமா என்று கேட்டால், ஆம், ஏறத்தாழ ஒரு நாளுக்குள் நிரம்பிவிடும். நிரம்புவதற்காகத்தானே அதைக் காலி செய்தோம். உங்கள் இரத்தத்தில் தங்கி 112 என்று எண் காட்டும் குளுக்கோசுக்கு ஒரு போக்கிடம் வேண்டும். அந்த இடம் தசை. 1990 இல் அமெரிக்காவில் காந்த அதிர்வு முறையால் உடலைக் கீறாமலே அளந்து பார்த்தபோது, நீரிழிவு உள்ளவர்களின் தசையில் கிளைக்கோஜன் உருவாகும் வேகம் மற்றவர்களில் பாதிக்கும் குறைவாக இருந்தது கண்டறியப்பட்டது. போக்கிடம் அடைபடுகிறது என்பதுதான் அதன் பொருள். தசை ஏற்காத மாச்சத்தை ஈரல் கொழுப்பாக மாற்றிக் கொள்கிறது.

இதைக் கேட்டுவிட்டு ரொட்டியை எண்ணாமல் சாப்பிடத் தொடங்கிவிடாதீர்கள். நாற்பது நிமிடப் பயிற்சியில் உங்கள் உடல் செலவிடுவது 150 முதல் 200 கிலோகலோரிதான். நாளுக்கு ஐந்து தேநீர் குடித்து ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி போட்டால் அதுவே ஏறத்தாழ 200 கிலோகலோரி. மலைநாட்டுக் குளிருக்கு இனிப்புத் தேநீர் இதமாகத்தான் இருக்கும். எனக்கும் அது தெரியும்.

கூடிய ஒரு கிலோவைப் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரோடு சேர்ந்தே தசையில் தங்குகிறது. தசை 100 கிராம் கூடுதலாகச் சேமிக்கப் பழகினால் தராசில் 400 கிராம் ஏறும். புதிய பயிற்சியால் நொந்த தசையில் ஊறும் நீரும் அதோடு சேரும். அது கொழுப்பு அல்ல.

பதில்: பசறைக்காரன்

இயன்மருத்துவர் ஐயா தெளிவாக எழுதியிருக்கிறார், நன்றி. ஆனால் இரண்டு இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. முதலாவது, தொடையில் ஊசி குத்திச் செய்த இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஆரோக்கியமான இளைஞர்களை, அதுவும் ஆண்களை வைத்துச் செய்யப்பட்டவை. தசைக்குள் உள்ள கொழுப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்தது என்று நீங்கள் குறிப்பிட்ட ஆய்வும் அப்படியானதே. நாற்பத்து மூன்று வயதில், எடை கூடிய, இரண்டு பிள்ளை பெற்ற நம் பெண் ஒருவரின் தசை அதே மாதிரி நடந்துகொள்ளும் என்று எதை வைத்துச் சொல்வது?

இரண்டாவது, ஆசிரியையின் அம்மாவைப் பற்றிய கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவே இல்லை. அந்தக் கேள்விதான் தோட்டத் தொழிலாளர் வாழும் எங்கள் ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறது. முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம் போடுவதற்காக நாளுக்குப் பதினெட்டு, இருபது கிலோ கொழுந்தைச் சேர்த்து, சரிவில் சுமந்து நிறுக்கும் இடத்துக்குக் கொண்டுபோய், வீட்டுக்கு வந்து விறகும் தண்ணீரும் தூக்கிய பெண்களுக்கு இனிமேல் போய்ப் பாரம் தூக்குங்கள் என்று சொல்வது எனக்குச் சற்று உறுத்துகிறது. என் அக்காமார் இருவரும் அப்படித்தான் உழைத்தார்கள்; இருவருக்கும் இப்போது மருந்து.

பதில்: கண்டி இயன்மருத்துவர்

பசறைத் தம்பி கேட்டது இரண்டும் நியாயமானவை. ஆண்களை வைத்தே அதிகம் செய்யப்பட்டது உண்மை. தசையில் ஊசி குத்த இணங்குபவர்கள் பெரும்பாலும் மருத்துவக் கல்லூரி இளைஞர்களாகவே இருந்தார்கள். 1966 இல் சுவீடனில் இரண்டு ஆய்வாளர்கள் தங்களையே வைத்து ஒன்று செய்தார்கள். ஒரே மிதிவண்டியின் இரு பக்கமும் அமர்ந்து ஆளுக்கு ஒரு காலால் மட்டும் களைத்து ஓயும் வரை மிதித்து, பிறகு மூன்று நாள் மாச்சத்து மிகுந்த உணவை உண்டு, இரு தொடைகளிலிருந்தும் தசை எடுத்துப் பார்த்தார்கள். மிதித்த காலில் கிளைக்கோஜன் மிதிக்காத காலை விட ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. இரண்டு காலுக்கும் ஓடியது ஒரே இரத்தம், கிடைத்தது ஒரே உணவு. இந்த மாற்றம் உடல் முழுவதுக்குமான அருள் அல்ல, வேலை செய்த தசைக்கு மட்டும் உரியது என்பது அன்று தெரிந்தது. 2004 இல் வெளியான ஓர் ஆய்வில் நீரிழிவு உள்ள ஆண்கள் ஆறு வாரம், வாரத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு முப்பது நிமிடம் ஒரு காலால் மட்டும் பாரம் தள்ளினார்கள். அந்தக் காலில் மட்டும் குளுட்-4 இன் அளவும் இன்சுலினுக்கு இணங்கும் தன்மையும் கூடின.

பெண்கள் எங்கே என்று கேட்டால், 2002 இல் பொஸ்டன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒன்றை நான் அடிக்கடி மேற்கோள் காட்டுவேன். லத்தீன் அமெரிக்க வம்சாவளியைச் சேர்ந்த, சராசரி வயது 66 ஆன, நீரிழிவு உள்ள 62 பேர். அவர்களில் 40 பேர் பெண்கள். பாதிப் பேர் பதினாறு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், படிப்படியாகப் பாரத்தைக் கூட்டிப் பயிற்சி செய்தார்கள்; மற்றவர்கள் வழமையான சிகிச்சையோடு இருந்தார்கள். பயிற்சி செய்தவர்களின் தசைக் கிளைக்கோஜன் ஒரு கிலோ தசைக்கு 60 மில்லிமோல் அளவிலிருந்து 79 ஆக உயர்ந்தது. மற்றவர்களில் 61 இலிருந்து 47 ஆகக் குறைந்தது. எச்பிஏ1சி 8.7 இலிருந்து 7.6 ஆக இறங்கியது. சேமிப்பு கூடியபோதே சீனி குறைந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். அவர்கள் ஆரோக்கியமான இளைஞர்கள் அல்லர், நீரிழிவோடு வாழும் முதியவர்கள். அதனால்தான் அந்த ஆய்வு எனக்கு நம் மக்களுக்கு அருகில் நிற்பதாகப் படுகிறது.

ஆனால் தசைக்குள் இருக்கும் கொழுப்பைப் பொறுத்தவரை நான் அவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன். எடை கூடிய பெண்களில் பல வாரப் பயிற்சிக்குப் பின் அதன் மொத்த அளவு குறைந்ததாகச் சில ஆய்வுகளும் மாறவில்லை என்று வேறு சிலவும் கூறுகின்றன. அளவு மாறாமலே இன்சுலினுக்கு இணங்குவது கூடியதும் உண்டு. ஆகவே என் முதல் பதிலில் நான்கில் ஒரு பங்கு என்று எழுதியதை, ஒரு நாள் பயிற்சியில் இளைஞர்களிடம் கண்டது என்று திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் விடயத்துக்கு வருகிறேன். கொழுந்து பறிப்பது உடலுக்கு வேலை இல்லை என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். அது எட்டு மணி நேரம் நின்று, மெதுவாக நகர்ந்து, விரல்களாலும் தோளாலும் செய்யும் வேலை. அதில் கொழுப்பும் மாச்சத்தும் சிறுகச் சிறுக நாள் முழுவதும் எரிகின்றன. அந்த வேலை இருந்த வரையில் ஸ்டோரின் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவரை மெலிவாக வைத்திருந்ததும் அதுவே. ஓய்வு பெற்ற அன்று இயந்திரம் நின்றது. கோதுமை மா ரொட்டியும் இனிப்புத் தேநீரும் நிற்கவில்லை. பயிற்சியின் பயன் தசையில் தங்குவது ஓரிரு நாள்கள் மட்டுமே என்பதால், முப்பத்திரண்டு வருட உழைப்பை வங்கியில் போட்டு வைத்தது போல் பின்னர் எடுத்துச் செலவிட முடியாது. அதோடு மாதவிடாய் நின்ற பின் ஈஸ்ட்ரோஜன் குறைவதும், வயதோடு தசையே தேய்வதும் சேர்கின்றன. தசை தேய்ந்தால் சேமிக்கும் மாடியே சுருங்குகிறது. தெற்காசியருக்கு அதே எடையில் உடற்கொழுப்பு கூடுதலாகவும் தசை குறைவாகவும் இருக்கும் என்பதையும் மறக்கலாகாது. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் ஆசியருக்கு உடற்றிணிவுச் சுட்டி 23 இலிருந்தே கவனம் தேவை என்று கூறியதற்குக் காரணம் இதுதான்.

பயிற்சிக்கும் உழைப்புக்கும் உள்ள வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். விறகுச் சுமை நேற்றும் இன்றும் ஒரே எடை. உடல் அதற்குப் பழகிவிடும், தசை மேலும் வளர அதற்குக் காரணமில்லை. ஓய்வையும் நாம் தீர்மானிப்பதில்லை. பயிற்சியில் பாரம் வாரத்துக்கு வாரம் சிறிது கூடுகிறது, ஒரே தசைக்கு அடுத்தடுத்த நாளில் வேலை கொடுப்பதில்லை, பருப்போ கடலையோ முட்டையோ நெத்திலிக் கருவாடோ தட்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறோம். உழைப்பாளிப் பெண்ணுக்கு இந்த மூன்றும் கிடைக்கவில்லை என்பதே என் வருத்தம். அவர் இன்னும் தூக்க வேண்டும் என்பதல்ல.

பதில்: டிக்கோயாத் தாதி

நான் கிளினிக் ஒன்றில் பதினொரு வருடமாகப் பணியாற்றுகிறேன். மேலே எழுதப்பட்டவற்றை வாசித்துவிட்டு யாராவது நாளைக் காலையே மணல் பையைத் தூக்கத் தொடங்குவார்களோ என்ற கவலையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். ஆசிரியை மருந்து எடுக்காதவர் என்பதால் அவருக்குப் பயிற்சியால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்காது. ஆனால் இன்சுலின் போடுபவர்களுக்கும் கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் அது இறங்கும். தசை குளுக்கோசை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் என்று மேலே சொன்னது பயிற்சி முடிந்த அன்றிரவும் நடக்கும். நள்ளிரவில் வியர்த்து நடுங்கி எழுந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவர்கள் வைத்தியரோடு பேசி மருந்தளவைச் சரிசெய்த பின்னரே தொடங்க வேண்டும். 70 க்குக் கீழே இறங்கினால் என்ன செய்வது என்று வீட்டாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மெட்போர்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தப் பயம் பெரிதாக இல்லை.

இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு பாரம் தூக்கக் கூடாது. தூக்கும்போது மூச்சை வெளியே விட்டு, இறக்கும்போது உள்ளே இழுங்கள். நீரிழிவால் கண்ணின் விழித்திரையில் பாதிப்பு முற்றியவர்கள் கண் வைத்தியரின் அனுமதி இல்லாமல் கனமான பாரத்தைத் தொடவே வேண்டாம். நெஞ்சில் இறுக்கம் வந்தால் அன்றோடு நிறுத்திவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள்.

மலையில் இருக்கிறவர்களுக்கு இன்னொன்று. ஏற்றத்தை விட இறக்கமே தொடைத் தசையை அதிகம் நோகச் செய்கிறது, ஏனென்றால் தசை நீண்டபடியே நம் எடையைத் தாங்குகிறது. அப்படி நொந்த தசை ஆறும் வரை இரண்டு மூன்று நாள்களுக்குக் கிளைக்கோஜனை மெதுவாகவே நிரப்பும். குளுக்கோசை எடுப்பதும் தற்காலிகமாகக் குறையும். நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதமலைக்கு ஏறி இறங்கிய மறுநாள் சீனி ஏன் கூடியிருக்கிறது என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. எனவே புதிதாகத் தொடங்கும் பயிற்சியில் முதல் இரண்டு வாரம் அரை அளவோடு நிறுத்துங்கள். நோவு வந்தால்தான் பயன் என்று நினைக்க வேண்டாம். வீட்டில் செய்வதானால் நாற்காலியில் இருந்து கைகளை ஊன்றாமல் எழுந்து அமர்வது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, ஐந்து கிலோ அரிசிப் பையை முதுகுப் பையில் போட்டுக்கொண்டு படியில் ஏறுவது போன்றவை போதுமானவை. பெரிய தசைகள் தொடையிலும் புட்டத்திலும் முதுகிலும் இருக்கின்றன. சேமிப்பு மிகுதியாக அங்கேதான். போத்தலைப் பிடித்துக் கையை மட்டும் மடக்கிக்கொண்டிருந்தால் ஸ்டோரின் ஒரு மூலைதான் காலியாகும்.

பதில்: கொட்டகலை ஆசிரியை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இயன்மருத்துவர் ஐயாவின் ஸ்டோர் உவமையை அம்மாவிடம் சொன்னேன். வாட்டுகின்ற மாடியில் கொழுந்து சிவந்தால் யாருக்கு ஏச்சு விழும் என்று அவருக்குத் தெரியும். சற்று நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, அடுத்த வாரம் தானும் வந்து ஓரத்தில் அமர்ந்து பார்ப்பதாகச் சொன்னார். அவர் கிளிக்கிளசைட் எடுப்பவர். ஆகவே முதலில் கிளினிக்கில் கேட்டுவிட்டுத்தான் நாற்காலியில் எழுந்து அமர்வதையாவது தொடங்கச் செய்வேன்.

உங்கள் பதில்களைப் பார்த்த பின் தராசை அலுமாரியின் மேல் வைத்துவிட்டு வேறு இரண்டை அளந்தேன். பயிற்சிக்குச் சேர்ந்த அன்று குறித்து வைத்த இடுப்புச் சுற்றளவு 98 சென்ரிமீற்றர், இப்போது 95. பெண்களுக்கு 80 க்குள் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது, அது வெகு தொலைவில் இருக்கிறது. முப்பது செக்கனில் நாற்காலியிலிருந்து எழுந்து அமரும் எண்ணிக்கை பதினொன்றிலிருந்து பதினைந்தாகியிருக்கிறது. எங்கள் வகுப்பில் உண்மையாகவே கைப் பயிற்சிதான் அதிகம். தொடைக்கான பயிற்சியைக் கூட்டச் சொல்லிப் பேசுகிறேன். தேநீரில் சீனியை ஒரு கரண்டியாக்கிவிட்டேன், அதுவே பெரிய தியாகம்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். மறுபடியும் இரத்தப் பரிசோதனை செய்வதற்கு இது தகுந்த நேரமா? இரவு உணவுக்கு முன் பயிற்சி செய்வது நல்லதா, பின்பு செய்வது நல்லதா?

பதில்: டிக்கோயாத் தாதி

எச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதத்தின் சராசரியைக் காட்டுவது. எட்டு வாரத்தில் எடுத்தால் பயிற்சிக்கு முந்திய நாள்களின் சாயலும் அதில் கலந்திருக்கும். பன்னிரண்டு வாரம் முடியட்டும். வெறும் வயிற்றுச் சோதனைக்கு முந்திய நாள் கடுமையாகப் பயிற்சி செய்ய வேண்டாம். அந்த ஒரு நாளின் விளைவு எண்ணில் தெரிந்து உங்களை ஏமாற்றும். நேரத்தைப் பொறுத்தவரை, சாப்பிட்டு முக்கால் மணி நேரம் கழித்துச் செய்தால் உணவால் ஏறும் குளுக்கோசு சற்றுத் தணியும். ஆனால் உங்கள் வகுப்பு மாலையில்தான் நடக்கிறது என்றால் அதற்காக விட்டுவிடாதீர்கள். தசை அடுத்த நாளும் நினைவில் வைத்திருக்கும்.

எச்பிஏ1சியோடு சேர்த்து ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொல்லுங்கள். இரும்புச் சத்துக் குறைந்த இரத்தச்சோகை நம் தோட்டப் பெண்களிடம் மிகச் சாதாரணம். அது இருந்தால் எச்பிஏ1சி உண்மையை விடக் கூடுதலாகக் காட்டக்கூடும். படியில் மூச்சு வாங்குவதற்கும் அதுவே பாதிக் காரணமாக இருக்கலாம். அம்மாவுக்கும் அதே நாளில் இரத்தம் எடுக்கலாம். காலை வெறும் வயிற்றோடு, மாத்திரையைப் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். இரத்தம் எடுத்ததும் மாத்திரையைப் போட்டு உடனே உண்பதற்கு ஏதாவது கொண்டு வரட்டும்.